தடயவியல், குற்றவியல்: நம் பிள்ளைகள் ஏன் படிக்க வேண்டும்?

(மெர்கோங்கில் பெற்றோர்களும் இடைநிலைப்பள்ளி மாணவர்களும் கலந்துகொண்ட சந்திப்பில் ஆற்றிய உரை. வர முடியாதவர்களும் படிக்கட்டும் என்று எழுத்தில் தருகிறோம்.)



வாரம் முழுக்க பாக்டரியிலும் கடையிலும் லாரியிலும் உழைத்துவிட்டு, கிடைக்கும் ஒரு வெள்ளிக்கிழமையையும் பிள்ளைகளின் படிப்புக்காக ஒதுக்குகிறீர்கள். அந்த நேரத்துக்கு மதிப்புக் கொடுத்து நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

பிள்ளையை என்னவாக்கப் போகிறீர்கள் என்று கேட்டால் நம்மிடம் பெரும்பாலும் மூன்று பதில்தான் உண்டு. டாக்டர், லாயர், இஞ்சினியர். அது அமையாவிட்டால் ஆசிரியர். அதுவும் அமையாவிட்டால் கிடைத்த வேலை. நாம் கேள்விப்பட்ட படிப்பைத்தானே பிள்ளைக்குச் சொல்ல முடியும்? இன்று நான் பேசப்போவது நம்மில் பலர் தொலைக்காட்சித் தொடரில் மட்டுமே பார்த்திருக்கும் ஒரு படிப்பைப் பற்றி. தடயவியல், அதன் அக்காள் தங்கை போன்ற குற்றவியல். பெயரைக் கேட்டதும் "பிணத்தோடு வேலையா? பெண் பிள்ளைக்கு எதற்கு இது?" என்று முகம் சுளிக்காதீர்கள். கடைசிவரை படியுங்கள். அதன் பிறகு முடிவு செய்யுங்கள்.

இரண்டும் ஒன்றல்ல

முதலில் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். குற்றம் நடந்த இடத்திலோ, இறந்தவரின் உடலிலோ, ஒருவரின் கைப்பேசியிலோ கிடைக்கும் பொருள்களை ஆராய்ந்து என்ன நடந்தது என்று சொல்வது தடயவியல். இரத்தத் துளி, தலைமுடி, எலும்பு, கைரேகை, விஷம், தோட்டா, கள்ளக் கையெழுத்து, அழிக்கப்பட்ட குறுஞ்செய்தி எல்லாம் இதில் அடங்கும். இதற்கு வேதியியலும் உயிரியலும் வேண்டும்.

குற்றம் ஏன் நடக்கிறது, எந்தச் சூழலில் ஒரு பையன் தவறான வழிக்குப் போகிறான், சிறைத்தண்டனை அவனைத் திருத்துகிறதா கெடுக்கிறதா என்று ஆராய்வது குற்றவியல். இதற்குச் சமூகவியல், உளவியல், சட்டம் ஆகியவை வேண்டும். ஆகவே கணக்கும் கெமிஸ்ட்ரியும் வராத பிள்ளைக்கும் இந்தத் துறையில் ஒரு கதவு இருக்கிறது.

கைநாட்டு வைத்தவர்களின் பேரப்பிள்ளைகள்

நம் பாட்டன் பூட்டன் கெடா தோட்டங்களில் கையெழுத்துத் தெரியாமல் கைநாட்டு வைத்துச் சம்பளம் வாங்கியவர்கள். "கைநாட்டு" என்பது இன்றும் நம்மிடையே ஏளனச் சொல். ஆனால் அந்தக் கைரேகையின் கதை தெரியுமா? 1858-இல் வங்காளத்தில் வில்லியம் ஹெர்ஷல் என்ற வெள்ளைக்கார அதிகாரி, ஓர் உள்ளூர்க் குத்தகைக்காரர் பின்னால் பேச்சு மாறிவிடக் கூடாது என்று ஒப்பந்தத் தாளில் அவருடைய உள்ளங்கையை மையில் பதித்து வாங்கினார். 1897-இல் கல்கத்தாவில் கைரேகைப் பணியகம் அமைந்தது. ஆயிரக்கணக்கான ரேகைகளிலிருந்து ஒன்றைத் தேடி எடுக்கும் வகைப்பாட்டு முறையை உருவாக்குவதில் அஜிசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இரண்டு இந்திய அதிகாரிகள் பெரும் உழைப்பைத் தந்தார்கள். ஆனால் உலகம் அந்த முறையை அவர்களுடைய மேலதிகாரி எட்வர்ட் ஹென்றியின் பெயரில்தான் இன்றும் அழைக்கிறது.

2001-இல் அறிமுகமான மைகார்டிலும் நம் இரண்டு கட்டைவிரல் ரேகைகள் இருக்கின்றன. ரேகை கொடுப்பவர்களாக நாம் நூறாண்டுக்கு மேல் இருந்துவிட்டோம். அந்த ரேகையைப் படித்துச் சொல்பவர்களாக நம்மில் எத்தனை பேர் இருக்கிறோம்? இன்றைய பேச்சின் மையக் கேள்வி இதுதான்.

குகன் வழக்கு நமக்குச் சொல்வது

2009 ஜனவரி மாதத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். கார் திருட்டு தொடர்பில் தடுத்து வைக்கப்பட்ட அ. குகன் என்ற இளைஞர், ஜனவரி 20 அன்று சுபாங் ஜெயா, யூ.எஸ்.ஜே. தைப்பான் காவல் நிலையத்தில் இறந்தார். செர்டாங் மருத்துவமனையில் நடந்த முதல் சவப் பரிசோதனை, நுரையீரலில் நீர் கோத்து இறந்தார் என்றது. ஆனால் சவக்கிடங்கில் உடலைப் பார்த்த குடும்பத்தார் முதுகெங்கும் காயங்களைக் கண்டார்கள். படம் எடுத்தார்கள். அந்தப் படங்கள் நாடு முழுவதும் பரவின.

குடும்பம் இரண்டாவது பரிசோதனை கேட்டது. மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனையில் டாக்டர் பிரஷாந்த் சம்பர்கர் அதைச் செய்தார். பலத்த அடிகளால் தசைகள் நசுங்கிச் சிதைந்து, அதனால் சிறுநீரகம் செயலிழந்து மரணம் நேர்ந்தது என்று அவர் அறிக்கை தந்தார்.

ஓர் உடல், இரண்டு பதில்கள். எப்படி? இதைப் பொறுமையாகப் புரிந்துகொள்ளுங்கள். நுரையீரலில் நீர் கோப்பது பலவகை மரணங்களில் கடைசி நேரத்தில் காணப்படும் ஒரு நிலை. இதயம் நின்றாலும் வரும், விஷம் குடித்தாலும் வரும், சிறுநீரகம் கெட்டாலும் வரும். ஆகவே "நீர் கோத்தது" என்பதோடு நிறுத்தினால் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. ஏன் கோத்தது என்பதுதான் அடுத்த கேள்வி. ஒரு மனிதனைத் தொடர்ந்து அடித்தால் சதை நசுங்கும். நசுங்கிய சதையிலிருந்து ஒரு புரதம் இரத்தத்தில் கலக்கும். அது சிறுநீரகத்தின் நுண்குழாய்களை அடைக்கும். சிறுநீர் தேநீர் நிறமாகும். எலும்பு முறியாமல், தலை உடையாமல், முதுகிலும் தொடையிலும் பட்ட அடியினாலேயே ஆள் இறந்துபோகலாம். இதைக் கண்டுபிடிக்கச் சிறுநீரகத்திலிருந்து மெல்லிய துண்டு எடுத்து நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். பார்த்தால் தெரியும். பார்க்காவிட்டால் அந்த உண்மை உடலோடு சேர்ந்து போய்விடும்.

இதற்குப் பிறகு சுகாதார அமைச்சு அமைத்த குழு மூன்றாவதாக ஒரு முடிவைச் சொன்னது. இதயத் தசையின் அழற்சியை அது முதன்மைப்படுத்தியது. வல்லுநர்களே இப்படி மாறுபட்டார்கள். இறுதியில் குடும்பம் தொடுத்த சிவில் வழக்கில் 2013 ஜூன் மாதம் உயர்நீதிமன்ற நீதிபதி வி.தி. சிங்கம் இரண்டாவது அறிக்கையை ஏற்றார். காவல்துறை மீதும் அரசாங்கம் மீதும் பொறுப்பைச் சுமத்தி 8 லட்சத்து 1,700 வெள்ளி இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தார். 2014-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அவர்கள் பொறுப்பு என்பதை உறுதி செய்தது. குற்றவியல் வழக்கில் ஒரே ஒரு போலீஸ்காரருக்குக் காயம் விளைவித்த குற்றத்துக்காக 3 ஆண்டு சிறை விதிக்கப்பட்டது.

அந்தத் தாயின் கண்ணீர் உண்மையானது. நாம் பிடித்த பதாகைகளும் உண்மையானவை. ஆனால் நீதிமன்றத்தில் வழக்கைத் தாங்கி நின்றது படங்களும், நுண்ணோக்கியும், குறுக்கு விசாரணைக்கு அசையாமல் பதில் சொன்ன ஒரு மருத்துவரும்தான். சாலையில் நாம் எழுப்பும் குரல் கதவைத் தட்டும். உள்ளே உட்கார்ந்து பதில் சொல்ல ஆள் வேண்டும் அல்லவா?

நம் ஊருக்கு அருகிலேயே

இது கோலாலம்பூர் விவகாரம் என்று நினைக்காதீர்கள். 2015 மே 25 அன்று பெர்லிஸ், வாங் கெலியான் எல்லைக் காட்டில் 139 புதைகுழிகளும் ஆள்கடத்தல் கும்பலின் 28 முகாம்களும் கண்டுபிடிக்கப்பட்டதாகக் காவல்துறை அறிவித்தது. தோண்டி எடுக்கப்பட்ட உடல்கள் எங்கே கொண்டுவரப்பட்டன தெரியுமா? நம் அலோர் ஸ்டார் சுல்தானா பாஹியா மருத்துவமனைக்குத்தான். நாம் பிரசவத்துக்கும் காய்ச்சலுக்கும் போகும் அதே மருத்துவமனை. அதன் தடயவியல் பிரிவினர், பெயர் தெரியாத அந்த எலும்புகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, ஆணா பெண்ணா, வயது என்ன, எப்படி இறந்திருக்கலாம் என்று ஆராய்ந்தார்கள். அந்த ஆண்டு ஜூன் மாதம் பல உடல்கள் பொக்கோ செனாவில் அடக்கம் செய்யப்பட்டன.

ரோஹிங்கியாக்களும் வங்காளதேசிகளும் என்று சொல்லப்பட்ட அந்த மனிதர்களுக்கு இந்த நாட்டில் கேட்க நாதியில்லை. அவர்களுக்காகப் பேசியது அவர்களுடைய எலும்பு மட்டுமே. அதைக் கேட்கத் தெரிந்தவர்கள் நம் பட்டணத்தில் இருந்தார்கள். ஆனால் தடயவியல் குழு முழுமையாக ஆராய்வதற்கு முன்பே முகாம்கள் அழிக்கப்பட்டன என்று பின்னர் அரச விசாரணை ஆணையத்தின் முன் சாட்சியம் சொல்லப்பட்டது. தடயம் என்பது காத்துக்கொண்டிருக்காது. ஒருமுறை கலைத்துவிட்டால் திரும்ப அடுக்க முடியாது.

பத்தில் ஏழு பேர்

இனி குற்றவியலுக்கு வருவோம். 2013 ஆகஸ்டில் உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பட்டியலை வெளியிட்டது. அவற்றில் ஏறத்தாழ 40,000 உறுப்பினர்கள் இருப்பதாகவும், அவர்களில் பத்துக்கு ஏழு பேர் இந்தியர்கள் என்றும் சொல்லப்பட்டது. நாட்டு மக்களில் நூற்றுக்கு ஏழு பேர் அளவே உள்ள நாம், கும்பலில் மட்டும் பத்துக்கு ஏழா?

அன்று நம்மவர்கள் இரண்டு விதமாக நடந்துகொண்டோம். சிலர் வெட்கப்பட்டுத் தலைகுனிந்தோம். சிலர் பொய் என்று கோபப்பட்டோம். குற்றவியல் படித்தவர் வேறு விதமாகக் கேட்பார். இந்தக் கணக்கை யார் எடுத்தது? உறுப்பினர் என்பதற்கு என்ன அளவுகோல்? கும்பல் சின்னம் பச்சை குத்தியவன் எல்லாம் உறுப்பினரா? சாவு ஊர்வலத்தில் கொடி பிடித்தவனும் கணக்கில் உண்டா? கணக்கு சரியென்றே வைத்துக்கொண்டால், எந்த வட்டாரத்தில், எந்த வயதில், பள்ளியை விட்ட எத்தனை மாதத்தில் இவர்கள் சேர்ந்தார்கள்?

1980, 90-களில் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. வேலையும் வீடும் கோயிலும் பள்ளியும் ஒன்றாக இருந்த லயத்து வாழ்க்கை சிதறியது. குடும்பங்கள் பட்டணத்து ஓரத்திலும் அடுக்குமாடி மலிவு வீடுகளிலும் வந்து விழுந்தன. அப்பா லாரியில், அம்மா ஓவர்டைமில், பையன் படிக்கட்டில். எட்வின் சதர்லாண்ட் என்ற அமெரிக்க அறிஞர் சென்ற நூற்றாண்டிலேயே சொன்னார்: குற்றம் இரத்தத்தில் வருவதில்லை, நெருங்கிப் பழகுபவர்களிடமிருந்து கற்றுக்கொள்ளப்படுகிறது. ராபர்ட் மெர்ட்டன் 1938-இல் எழுதினார்: எல்லோருக்கும் ஒரே ஆசையைக் காட்டிவிட்டு, அதை அடையும் நேர்வழியைச் சிலருக்கு மட்டும் அடைத்துவிட்டால், அடைபட்டவர்களில் சிலர் குறுக்குவழி தேடுவார்கள். சுங்கை பட்டாணியிலும் கூலிமிலும் பாடாங் செராயிலும் வளரும் நம் பையன்களைப் பற்றி யாரோ எழுதி வைத்தது போல இல்லையா? "இந்தப் பிள்ளைகளே இப்படித்தான்" என்று வாத்தியாரும் போலீஸும் நாமும் சொல்லிக்கொண்டிருக்கும் இடத்தில், கணக்கோடும் ஆராய்ச்சியோடும் வந்து "காரணம் இது, மாற்று வழி இது" என்று சொல்ல நம் பிள்ளைகள் வேண்டும்.

நம் பக்கம் பேசுவதற்காகவா?

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். "நம் பிள்ளை உள்ளே போய்விட்டால் நமக்குச் சாதகமாக எழுதுவான்" என்று யாரும் நினைக்கக் கூடாது. அப்படி எழுதினால் முதல் குறுக்கு விசாரணையிலேயே அவன் பெயரும் போகும், வழக்கும் போகும். காவலில் இறந்த ஒருவருக்கு உண்மையிலேயே மாரடைப்பு என்றால், மாரடைப்பு என்றுதான் அவன் எழுத வேண்டும். நமக்குப் பிடிக்காவிட்டாலும் அதுதான் நீதி. நமக்கு வேண்டியது யாருக்காகவும் பொய் சொல்லாத ஆள். அந்த ஆள் நம் வீட்டிலிருந்தும் போகட்டும் என்பதுதான் கோரிக்கை.

அறிவியல் என்ற பெயரில் தவறும் நடக்கும். அமெரிக்காவில் தலைமுடியை நுண்ணோக்கியில் ஒப்பிட்டுத் தங்கள் நிபுணர்கள் சொன்ன சாட்சியங்களை மறு ஆய்வு செய்த எஃப்.பி.ஐ., பார்த்த வழக்குகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் தவறான கூற்று இருந்ததாக 2015-இல் ஒப்புக்கொண்டது. அந்த வழக்குகளில் மரணதண்டனை விதிக்கப்பட்டவர்களும் உண்டு. ஆகவே வெள்ளைக்கோட்டு போட்டவர் சொன்னால் வேதவாக்கு என்பதில்லை. இன்னொருவர் திரும்பப் பார்க்க வேண்டும். பலதரப்பட்ட குடும்பங்களிலிருந்து வந்தவர்கள் ஆய்வுக்கூடத்தில் இருந்தால், "இதை மறுபடி பாருங்கள்" என்று கேட்க ஒருவராவது இருப்பார்.

தமிழருக்கு இது புதிய துறையும் அல்ல. இந்தியாவின் முதல் அரசு வேதியியல் தடய ஆய்வகம் 1849-இல் சென்னையில்தான் தொடங்கப்பட்டது. 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டபோது, வெடித்துச் சிதறிய துணித்துண்டு, கம்பி, உடற்பாகம் ஆகியவற்றிலிருந்து, குண்டு இடுப்பில் கட்டப்பட்டிருந்தது, அதைக் கட்டியிருந்தவர் ஒரு பெண் என்று மறுகட்டமைப்புச் செய்து காட்டியவர் தமிழ்நாடு தடய அறிவியல் துறையின் இயக்குநராக இருந்த பேராசிரியர் பி. சந்திரசேகரன். 2000-இல் அவருக்குப் பத்மபூஷண் விருது கிடைத்தது. ஆக, நம்மால் முடியுமா என்ற கேள்விக்கு விடை ஏற்கெனவே கிடைத்துவிட்டது.

வழி என்ன?

இப்போது நடைமுறைக்கு வருவோம். தம்பி தங்கைகளே, இந்தப் பகுதியைக் குறித்துக்கொள்ளுங்கள்.

தடயவியல் வேண்டும் என்றால் முடிவு நான்காம் படிவத்தில் எடுக்கப்படுகிறது. எஸ்.பி.எம்.-இல் கெமிஸ்ட்ரி, உயிரியல், இயற்பியல், கூடுதல் கணிதம் இருக்க வேண்டும். "கஷ்டமான பாடம், வேண்டாம்" என்று மூன்றாம் படிவத்திலேயே ஒதுங்கிவிட்டால் பின்னால் கதவைத் திறப்பது கடினம். எஸ்.பி.எம். முடித்த பிறகு இரண்டு பொது வழிகள்: மெட்ரிகுலேஷன், எஸ்.டி.பி.எம். நம் மாநிலத்தில் சங்லூனில் கெடா மெட்ரிகுலேஷன் கல்லூரி இருக்கிறது. எஸ்.பி.எம்.-இல் 10 ஏ எடுத்த எல்லா இன மாணவர்களுக்கும் மெட்ரிகுலேஷன் இடம் உண்டு என்று 2024-இல் அரசாங்கம் அறிவித்தது. அந்த அளவுக்கு வராத பிள்ளைகள் மனம் தளர வேண்டாம். எஸ்.டி.பி.எம். கடினம்தான், ஆனால் செலவு குறைவு, வீட்டிலிருந்தே படிக்கலாம், நன்றாகச் செய்தவருக்குப் பல்கலைக்கழகக் கதவு திறக்கும்.

பட்டப்படிப்பாகத் தடய அறிவியலை மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் தன் கிளந்தான், குபாங் கெரியான் வளாகத்தில் நடத்துகிறது. மலேசியத் தேசியப் பல்கலைக்கழகம் கோலாலம்பூரில் உள்ள தன் சுகாதார அறிவியல் புலத்தில் நடத்துகிறது. கிளந்தானா, அவ்வளவு தூரமா என்று அம்மாக்கள் பயப்படலாம். கிரிக் வழியாக மலைப்பாதையில் பேருந்து போகிறது. நம் பாட்டிமார்கள் நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்தவர்கள். பேத்தி பேருந்து ஏறக் கூடாதா?

குற்றவியலில் நாட்டம் உள்ளவர்கள் முதலில் சட்டம், உளவியல், சமூகப்பணி, சமூகவியல் ஆகியவற்றில் ஒன்றைப் படிக்கலாம். சிந்தோக்கில் உள்ள வட மலேசியப் பல்கலைக்கழகத்தில் சட்டமும் சமூகப்பணியும் உண்டு. அது நம் கெடாவிலேயே இருக்கிறது. அதன் பிறகு மலாயாப் பல்கலைக்கழகத்தின் சட்டப்புலம் நடத்தும் குற்றவியல் நீதி முதுகலை போன்ற மேற்படிப்புக்குப் போகலாம். சவப் பரிசோதனை செய்யும் மருத்துவராக வேண்டும் என்றால் அது நீண்ட பாதை. முதலில் மருத்துவப் பட்டம், பிறகு பயிற்சி மருத்துவர், அதன் பிறகு தடயவியல் நோய்க்குறியியலில் சிறப்புப் படிப்பு. பத்து ஆண்டுக்கு மேல் ஆகும்.

வேலை எங்கே? அரசாங்க மருத்துவமனைகளில் தடயவியல் அறிவியல் அதிகாரிகள் இருக்கிறார்கள். பெட்டாலிங் ஜெயாவில் தலைமையகம் கொண்ட மலேசிய வேதியியல் துறைக்குப் பினாங்கு உட்படப் பல கிளைகள் உண்டு. போதைப்பொருள், விஷம், மரபணு, போலி ஆவணம் எல்லாம் அங்கேதான் ஆராயப்படுகின்றன. 2018-இல் சிலாங்கூரில் மெத்தனால் கலந்த மதுவைக் குடித்துப் பல தொழிலாளர்கள் இறந்தார்களே, அந்தப் புட்டியில் என்ன இருந்தது என்று சொல்வதும் இத்தகைய வேதியியலாளரின் வேலைதான். தோட்டங்களில் நம்மவர்கள் பல காலம் தெளித்த பாராகுவாட் களைக்கொல்லி, 2020 ஜனவரி முதல் தடை செய்யப்பட்டது. அதைக் குடித்து இறந்தவர்களின் இரத்தத்தில் அதைக் கண்டுபிடிப்பதும் இதே துறை. இவை தவிர காவல்துறைக்குச் சொந்த ஆய்வுக்கூடம் இருக்கிறது. 2009-ஆம் ஆண்டின் மரபணு அடையாளச் சட்டத்தின் கீழ் அமைந்த மரபணுத் தரவு வங்கியும் இருக்கிறது. ஊழல் தடுப்பு ஆணையம், சுங்கத்துறை, வனவிலங்குத் துறை, கணினித் தடயங்களை ஆராயும் சைபர் செக்யூரிட்டி மலேசியா, தனியார் வங்கிகள், காப்புறுதி நிறுவனங்கள் என்று பல இடங்களில் இந்தப் படிப்புக்குத் தேவை உண்டு.

இனிப்பாக மட்டும் பேசிவிட்டுப் போக மாட்டேன்

கஷ்டத்தையும் சொல்லிவிடுகிறேன். "தடயவியல்" என்று பெயர்ப்பலகை போட்ட அரசாங்கப் பணியிடங்கள் குறைவு. ஆண்டுதோறும் எல்லாப் பட்டதாரிகளுக்கும் அவை போதாது. தற்காலிக ஒப்பந்தத்தில் சில காலம் இருக்க வேண்டி வரலாம். ஆகவே பாதுகாப்பான யோசனை ஒன்று: வேதியியல், உயிர்மருத்துவம், கணினி அறிவியல் போன்ற அகலமான பட்டத்தை எடுத்துவிட்டு, தடயவியலை மேற்படிப்பாகவும் செய்யலாம். அப்போது இந்தக் கதவு மூடினாலும் பாக்டரித் தரக்கட்டுப்பாடு, மருத்துவமனை ஆய்வுக்கூடம், உணவுப் பரிசோதனை என்று வேறு கதவுகள் திறந்திருக்கும்.

தனியார் கல்லூரி விளம்பரத்தில் நுண்ணோக்கியும் மஞ்சள் நாடாவும் படம் போட்டிருந்தால் உடனே பணத்தைக் கட்டிவிடாதீர்கள். அந்தப் படிப்புக்கு மலேசியத் தகுதி முகமையின் அங்கீகாரம் இருக்கிறதா, பொதுச் சேவைத் துறை ஏற்கிறதா என்று முதலில் பாருங்கள். அங்கீகாரம் இல்லாத படிப்புக்கு பி.டி.பி.டி.என். கடன் கிடைக்காது. வீட்டை அடகு வைத்து வாங்கிய சான்றிதழ் பின்னால் தாளாகத்தான் இருக்கும்.

மொழி இன்னொரு தடை. அறிக்கை மலாயிலோ ஆங்கிலத்திலோதான் எழுதப்படும். நீதிமன்றத்தில் வக்கீல் வளைத்து வளைத்துக் கேட்பார். அங்கே தடுமாறாமல், கோபப்படாமல், "இது எனக்குத் தெரியும், இது எனக்குத் தெரியாது" என்று பிரித்துச் சொல்ல வேண்டும். ஆகவே பிள்ளைகளே, மூன்று மொழியிலும் வாய் திறந்து பேசப் பழகுங்கள். மேடைப் பேச்சுப் போட்டியில் சேருங்கள். அது வெறும் கோப்பைக்காக என்று நினைக்க வேண்டாம்.

பெண் பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. பிணம், இரத்தம் என்றால் பெண்ணுக்கு ஆகாது என்கிறோம். பிரசவ வார்டில் நர்ஸாக இரத்தம் பார்ப்பவர் யார்? வீட்டில் சாவு விழுந்தால் குளிப்பாட்டி, பொட்டு வைத்து அனுப்பி வைக்கும் கை யாருடையது? தைரியம் பெண்களிடம் எப்போதும் இருந்தது. படிப்புக்குத்தான் நாம் அனுப்பவில்லை. பாலியல் வன்முறைக்கு ஆளான ஒரு சிறுமியிடமிருந்து தடயம் எடுக்கும் நேரத்தில் எதிரே ஒரு பெண் நிற்பது எவ்வளவு ஆறுதல் என்று நினைத்துப் பாருங்கள்.

படிக்காதவர்களும் தெரிந்துகொள்ள வேண்டியது

பிள்ளை படித்து வரும்வரை நாம் சும்மா இருக்க முடியாது. ஆகவே ஒவ்வொரு குடும்பமும் இவற்றை நினைவில் வையுங்கள். போலீஸ் காவலில் ஒருவர் இறந்தால் மாஜிஸ்திரேட்டுக்குத் தகவல் கொடுத்து மரண விசாரணை நடத்த வேண்டும் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 334-ஆம் பிரிவு சொல்கிறது. இது யாரும் நமக்குப் போடும் பிச்சை அல்ல, நாட்டின் சட்டம். 2023 ஜூலை முதல் காவல்துறை மீதான புகார்களைப் பெறச் சுதந்திர போலீஸ் நடத்தை ஆணையமும் இயங்குகிறது. அதன் அதிகாரம் போதாது என்ற குறை பலருக்கு உண்டு. ஆனாலும் புகாரை எழுத்தில் பதிவு செய்து வைப்பது அவசியம்.

சந்தேகமான மரணம் என்றால் அவசரப்பட்டுத் தகனம் செய்யாதீர்கள். இது நமக்கு மிக முக்கியம். புதைத்த உடலை நீதிமன்ற உத்தரவோடு மீண்டும் எடுக்கலாம். எரித்த உடலுக்கு இரண்டாவது பரிசோதனை கிடையாது. சடங்கு தள்ளிப்போகிறதே என்று உறவினர் நெருக்குவார்கள். முதலில் வழக்கறிஞரைப் பாருங்கள், பிறகு முடிவெடுங்கள். உடலைப் பார்க்கும்போது காயங்களைத் தெளிவாகப் படம் எடுக்கக் கேளுங்கள். தேதி, நேரம், பேசிய அதிகாரியின் பெயர் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதுங்கள். உடுத்தியிருந்த துணி கைக்கு வந்தால் துவைக்காதீர்கள். பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் ஈரத்தில் பூஞ்சை பிடித்துத் தடயம் கெட்டுப்போகும். உலரவிட்டுக் காகிதப் பையில் வையுங்கள். படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

பெற்றோர்களே, நான் உங்களிடம் கேட்பது பெரிய காரியம் அல்ல. இந்த வாரம் உங்கள் பிள்ளையின் கெமிஸ்ட்ரி மதிப்பெண்ணைக் கேளுங்கள். குறைவாக இருந்தால் திட்டாதீர்கள். தமிழ்ப்பள்ளியிலிருந்து இடைநிலைப்பள்ளிக்குப் போய் மொழி மாறியதில் தடுமாறியிருப்பான். அக்கம்பக்கத்தில் படித்த அண்ணன் அக்காள் இருந்தால் வாரத்தில் இரண்டு மணி நேரம் சொல்லிக்கொடுக்கக் கேளுங்கள். கோயில் மண்டபம் சும்மாதானே கிடக்கிறது? நான்காம் படிவப் பாடத் தேர்வின்போது நீங்களே பள்ளிக்குப் போய், "என் பிள்ளை அறிவியல் எடுக்கட்டும்" என்று ஆசிரியரிடம் சொல்லுங்கள். வேலைச் சட்டையோடு போனாலும் பரவாயில்லை, போங்கள்.

தம்பி தங்கைகளே, நம் வீட்டில் ஒரு மரணம் நடந்தால், யாரோ எழுதியதை யாரோ படித்துச் சொல்லிக் கேட்டு அழுதுவிட்டு வரும் காலம் போதும். அந்த அறிக்கையைப் படித்துப் புரிந்துகொள்பவர் நம் வீட்டில் இருக்கட்டும். அதை எழுதுபவர் நம் தெருவிலிருந்து வரட்டும். எழுதும்போது நமக்கும் பயப்படாமல், மேலிடத்துக்கும் பயப்படாமல், கண்டதைக் கண்டபடி எழுதட்டும்.